சர்ப்பகந்தாவிலிருந்து செர்ட்ராலின் வரை: மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2018 பெப்ரவரி 21ஆம் திகதி லண்டனின் ‘லான்செட்’ மருத்துவச் சஞ்சிகை பெரியதோர் ஆய்வை வெளியிட்டது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் 21 மருந்துகள் பற்றி அதுவரை நடந்த 522 பரிசோதனைகளையும் அவற்றில் பங்குபற்றிய 1,16,477 பேரின் விபரங்களையும் ஒன்றாகத் திரட்டி, ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த அந்திரேயா சிப்ரியானியும் அவரது குழுவினரும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். 21 மருந்துகளும் வெற்றுக்குளிசையைவிட, அதாவது மருந்தே இல்லாமல் பார்வைக்கு மட்டும் மருந்துபோலச் செய்த குளிசையைவிட, ஓரளவேனும் கூடுதலாக வேலை செய்கின்றன என்பது அவர்களுடைய முடிவு. மறுநாள் 22ஆம் திகதி தெல்தெனியவில், வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்டார். பத்து நாட்களில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். மார்ச் 5ஆம் திகதி திகன எரிந்தது.

இவ்விரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என்னுடைய மண்டைக்குள் மட்டும்தான் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அந்த வருஷம் ஓகஸ்டில் எனக்கு டொக்டர் எழுதித் தந்த துண்டில் இருந்த ‘அமிட்ரிப்டிலின்’ என்ற பெயர் அந்த 21இல் ஒன்று. பலனளிப்பதில் அந்த ஆய்வின் பட்டியலில் முதலாவதாக நின்றதும் அதுதான். அதை நான் பிறகுதான் வாசித்தேன். துண்டு கிடைத்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, திரும்பத் தூக்கம் வருவதில்லை, சாப்பாட்டில் ருசியில்லை, பதினோராம் ஆண்டு வகுப்பில் கவிதையொன்றை விளக்கிக்கொண்டு நிற்கும்போது அடுத்த வரி என்னவென்று தெரியாமல் நிற்கிறேன். எங்கள் வீட்டுக்கு நெருப்பு வரவில்லை. நாலு வீடு தள்ளி வந்தது. ‘எரிஞ்சவங்களே எழும்பி நடக்கிறாங்க, ஒங்களுக்கென்ன?’ என்று யாரும் கேட்கும் முன்னரே நானே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தத் துண்டைப் பாமசியில் கொடுக்காமல் ஒன்பது நாள் கைப்பையில் வைத்திருந்தேன். அந்த ஒன்பது நாளும் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ராத்தா, ‘மூளக்கிக் குடிக்கிற குளிச ஒருக்கா தொடங்கினா மௌத்து வரைக்கும் விட ஏலாது’ என்றார். சகஆசிரியை ஒருவர், ‘தொழுகையில ஒரு கொறையும் இல்லாத ஆளுக்கு இது எப்படி டீச்சர்?’ என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். பாமசியில் நிற்கும் பையன் பழைய மாணவன். அவனுக்கு முன்னால் இந்தப் பெயரை எப்படி நீட்டுவது என்பது எனக்கிருந்த தனிக்கவலை. சொந்தக் கதை இவ்வளவு போதும். இதெல்லாம் கேள்விகள், கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கும் என்று நினைத்து வாசிக்கத் தொடங்கினேன். தமிழ் படித்த ஒருத்தியின் வாசிப்பு இது, மருத்துவம் படித்தவரின் வாசிப்பல்ல. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்தச் சகஆசிரியையின் கேள்வி. ஈமான் உள்ளவருக்கு மனச்சோர்வு வருமா? இதை நம் காலத்துப் புதுக்கேள்வி என்று நினைத்திருந்தேன். இற்றைக்கு ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்னரே நம்மவர்கள் இதை எழுதி முடித்திருக்கிறார்கள். கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் இப்னு இம்ரான் என்ற மருத்துவர் ‘மாலிகூலியா’ பற்றி மட்டுமே தனியாக ஒரு நூல் எழுதினார். கான்ஸ்டன்டைன் என்ற ஆபிரிக்கத் துறவி பதினோராம் நூற்றாண்டில் அதை லத்தீனுக்குக் கொண்டுபோக, ஐரோப்பா பல நூறு வருஷம் அதைப் படித்தது. அந்நூலில் இந்நோய்க்கு ஆளாகக்கூடியவர்களின் வரிசையில் அவர் யாரைச் சேர்க்கிறார் என்று பாருங்கள்: அளவுக்கு மீறிக் கற்கும் அறிஞர்கள், அல்லாஹ்வின் கோபத்தை எண்ணி அஞ்சியும் அவன்மீதுள்ள ஏக்கத்தாலும் உருகும் வணக்கசாலிகள். நோயாளி வணங்காதவன் என்பதல்ல அவருடைய கணிப்பு.

அவருக்குச் சமகாலத்தவர் பல்கைச் சேர்ந்த அபூ ஸைத் அல்பல்கி (850–934). ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற அவருடைய நூலின் பெயரே உடல்களின் நலமும் உள்ளங்களின் நலமும் என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. அதன் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல்லின் அயாசோஃபியா நூலகத் தொகுதியில் கிடந்தது. 1984இல் ஃபுவாத் ஸெஸ்கின் பிராங்க்பர்ட்டில் அதை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். சூடானின் உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரி உள்ளத்தைப் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் தந்தார். அல்பல்கி கவலையை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று காரணம் தெரிந்த கவலை: பிரியமானவரை, பொருளை, நேசித்த ஏதோ ஒன்றை இழந்ததால் வருவது. மற்றது காரணம் தெரியாத கவலை: ஒன்றும் நடக்காமலே வந்து உட்கார்ந்துகொண்டு, எதிலும் இன்பம் காண விடாமல் ஆளைச் சுருட்டிப்போடுவது. பின்னதற்கு உடம்பில்தான் வேர் என்றும், அதற்கு உடம்புக்குரிய வைத்தியமும் வேண்டும் என்றும் சொல்கிறார். இரத்தம் கெட்டுக் குளிர்வதே காரணம் என்று அவர் காலத்து மருத்துவ மொழியில் விளக்குகிறார். அந்த விளக்கம் இன்று நிற்காது, ஆனால் பிரித்த பிரிப்பு நிற்கிறது. முன்னதற்கு வெளியிலிருந்து வரும் நல்ல பேச்சும் உள்ளிருந்து எழும் எண்ணமும் மருந்து என்கிறார். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றிருக்கிறது. திடீர் வருத்தத்துக்கென்று சுகதேகிகள் வீட்டில் சில மருந்துகளை ஆயத்தமாக வைத்திருப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் காலத்திலேயே ஆறுதலான எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறார். 1960களில் அமெரிக்காவில் ஆரன் பெக் தொடங்கிய சிந்தனைவழிச் சிகிச்சையைப் பற்றிப் படித்தபோது இந்த இடம்தான் ஞாபகம் வந்தது.

மருத்துவமனைகளைப் பற்றி நம் மேடைகளில் நிறையவே பேசிவிட்டோம். 1154இல் டமஸ்கஸில் நூருத்தீனின் பீமாரிஸ்தான், 1284இல் கெய்ரோவில் கலாவூனின் பீமாரிஸ்தான், அங்கெல்லாம் மனநோயாளிகளுக்கும் இடமிருந்தது. பெருமை பேசியது போதும், கடந்து போவோம். ‘தல்பீனா’வைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மரணம் நிகழ்ந்த வீட்டாருக்கு வாற்கோதுமை மாவில் காய்ச்சிய அந்தக் கஞ்சியைக் கொடுக்குமாறு ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்வார்கள் என்றும், அது நோயாளியின் மனத்துக்கு ஆறுதல் தந்து கவலையில் ஒரு பகுதியைப் போக்கும் என நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும் புகாரியில் வருகிறது. அந்த ‘ஒரு பகுதி’ என்ற அளவை நான் கவனித்து வாசித்தேன். கவலைக்கு வாயால் உட்கொள்ளும் ஒன்றைத் தரலாம் என்பதும், அது முழுவதையும் போக்கும் என்று வாக்களிக்காததும் ஒரே ஹதீஸில் இருக்கின்றன.

இனிக் குளிசைக்கு வருவோம். இது முழுக்க முழுக்க வெள்ளைக்காரன் சரக்கு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பாதி சரி. மறுபாதி ஒரு வேரில் தொடங்குகிறது. சிங்களத்தில் ‘ஏகவேரிய’, வடமொழியில் ‘சர்ப்பகந்தா’. அலரிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. பாம்புக்கடிக்கும் பித்துக்கும் தூக்கமின்மைக்கும் இந்தப் பிராந்தியத்தின் வைத்தியர்கள் நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்தது. வட இந்தியக் கிராமங்களில் அதற்குப் ‘பைத்தியத்தின் மருந்து’ என்றே பெயர்.

டில்லியில் ஹகீம் அஜ்மல் கான் இருந்தார். ஜாமிஆ மில்லிய்யாவின் நிறுவுநர்களில் ஒருவர், காங்கிரஸின் தலைவராகவும் இருந்தவர், யூனானி மருத்துவப் பரம்பரையில் வந்தவர். யூனானி மூலிகைகளை நவீன இரசாயனத்தின் கண்ணால் ஆராய வேண்டும் என்பது அவருடைய கனவு. ஜெர்மனியில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்த சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்ற இளைஞருக்குக் கைகொடுத்து, படிப்பை முடித்து வந்ததும் திப்பியாக் கல்லூரியில் ஆய்வுகூடம் அமைக்கும் பொறுப்பையும் கொடுத்தார். 1927இல் ஹகீம் மௌத்தானார். 1931இல் சித்தீக்கி சர்ப்பகந்தா வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தனக்கு வழிகாட்டியவரின் ஞாபகமாக ‘அஜ்மலீன்’ என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பின் ஒழுங்கீனம் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு இருதய வைத்தியர்கள் இன்றும் அந்த அஜ்மலீனைப் பாவிக்கிறார்கள். அதே 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் இவ்வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, மூர்க்கமான பித்தைத் தணிக்கிறது என்று எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரித்தானிய இருதயச் சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதியதும் மேற்குலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனி அதே வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற பொருளைப் பிரித்தது. இரத்த அழுத்தத்துக்குக் குளிசையாக அது உலகமெங்கும் போனது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ரெசர்பின் குடித்த இரத்த அழுத்த நோயாளிகள் சிலர் காரணமே இல்லாமல் சோர்ந்து போவதாக வைத்தியர்கள் அறிவிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் புரோடியின் ஆய்வுகூடம் 1955இல், ரெசர்பின் மூளையிலுள்ள செரட்டோனின் என்ற பொருளை வற்றச் செய்வதைக் காட்டியது. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்த முயல்கள் அசையாமல் கிடப்பதையும், எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தியதும் அவை எழும்பி நடமாடுவதையும் காட்டினார். அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூளையில் சில இரசாயனங்கள் குறைந்தால் மனம் சோரும், கூட்டினால் தேறும் என்ற கருத்து இப்படித்தான் பிறந்தது. ஆனால் அதே 1955இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்ற இருவர் பதற்றமும் சோர்வும் உள்ள நோயாளிகளுக்கு ரெசர்பினையே கொடுத்துப் பரிசோதித்து, அவர்கள் தேறினார்கள் என்று ‘லான்செட்’டில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. அழகான கதை ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் குழப்புகிறவனை யார்தான் விரும்புவார்?

இதோடு சேர்த்து ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்ல வேண்டும். ‘இங்கிலீஷ் மருந்து வேணாம், கை மருந்து பார்ப்போம்’ என்று நல்லெண்ணத்தோடு ஏகவேரிய வேரைக் கொண்டுவந்து தருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. எனக்கும் வந்தது. மனச்சோர்வு உள்ளவருக்குத் தரக்கூடாத மருந்துகளின் பட்டியலில் ரெசர்பின் இருக்கிறது. மரத்திலிருந்து வந்ததால் அது பக்கவிளைவு இல்லாதது என்றாகிவிடாது. வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் ‘செயின்ட் ஜோன்ஸ் வோர்ட்’ என்ற செடிமருந்தும் அப்படித்தான். இலேசான சோர்வுக்கு அது உதவுவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் கருத்தடைக் குளிசை உட்படப் பல மருந்துகளின் வேலையைக் கெடுக்கும், மனச்சோர்வுக் குளிசையோடு சேர்ந்தால் ஆபத்து.

சோர்வுக்கென்று வந்த முதல் மருந்துகளும் தேடிக் கண்டவை அல்ல. 1952இல் நியூயோர்க்கின் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு ‘ஐப்ரோனியாசிட்’ கொடுத்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழும்பிச் சிரித்தார்கள், சாப்பாடு கேட்டார்கள், வார்டில் ஆடினார்கள். நுரையீரல் தேறும் முன்னரே மனம் தேறியது. காசநோய் மருந்தின் பக்கவிளைவு அது. 1957இல் நேதன் கிளைன் அதையே மனச்சோர்வுக்கு மருந்தாக முன்வைத்தார். ஈரலைப் பாதித்ததால் 1961இல் அமெரிக்காவில் அது மீளப்பெறப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த மற்ற மருந்துகளைக் குடித்தவர்கள் சிலருக்குப் பாலாடைக்கட்டி சாப்பிட்டதும் இரத்த அழுத்தம் வானத்துக்கு ஏறியது. 1963இல் பெரி பிளாக்வெல் அதன் காரணத்தைக் கண்டுபிடித்தார். சுவிட்சர்லாந்தில் மூன்ஸ்டர்லிங்கன் ஆஸ்பத்திரியின் ரோலண்ட் கூன், வேறு மனநோய்க்கென்று வந்த ஒரு பொருள் சோர்வைப் போக்குவதை 1956இல் கண்டார். அதுதான் இமிப்ரமின். அவரைப் பல காலம் மேதை என்றார்கள். 2019இல் வெளியான வரலாற்று ஆய்வொன்று, அந்த ஆஸ்பத்திரியில் ஏராளமான நோயாளிகளிடம் முறையான சம்மதமின்றியே புதுமருந்துகள் பரிசோதிக்கப்பட்டதை ஆவணங்களோடு காட்டியது. நாம் இன்று விழுங்கும் குளிசைகளுக்குப் பின்னால் சம்மதம் கேட்கப்படாத மனிதர்கள் இருக்கிறார்கள்.

என்னுடைய அமிட்ரிப்டிலின் இந்த இமிப்ரமினின் தங்கை. 1961இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் குடிக்கத் தொடங்கிய முதல் கிழமையிலேயே தூக்கம் வந்தது, வாய் பாலைவனமாகக் காய்ந்தது. பாடம் நடத்துகிறவருக்கு வாய் காய்வது சின்ன விஷயமல்ல. தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் வகுப்புக்குப் போக முடியாது. மலச்சிக்கல், காலையில் தலை கிறுகிறுப்பு, எழுத்துகள் மங்குவது. சிலருக்குச் சிறுநீர் கழிக்கச் சிரமம், இதயத் துடிப்பில் கோளாறு, நிறை கூடுதல். இவற்றையெல்லாம்விடப் பெரியது, அளவுக்கு மீறினால் இது உயிரைக் குடிக்கும். டொக்டர் இரண்டு கிழமைக்கு மட்டும் எழுதி, குளிசையை வீட்டில் இன்னொருவர் கையில் வைத்திருக்கச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. 1995இல் நம் நாட்டில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நடந்தது, கொடிய கிருமிநாசினிகளைத் தடை செய்ததால்தான் அது பாதிக்கும் கீழே இறங்கியது என்பதைப் பிறகு படித்தேன். கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாமலிருப்பதே ஒரு வைத்தியம். டொக்டர் அந்த வைத்தியத்தைத்தான் செய்திருந்தார்.

இந்த ஆபத்திலிருந்து தப்பத்தான் அடுத்த தலைமுறை மருந்துகளைத் தேடினார்கள். செரட்டோனினை மட்டும் குறிவைத்த முதல் மருந்து ‘ஸிமெலிடின்’; 1982இல் விற்பனைக்கு வந்து, நரம்புகளைத் தாக்கும் அபூர்வ நோயைத் தந்ததால் 1983இல் போய்விட்டது. 1987 டிசம்பரில் அமெரிக்கா புளுவொக்ஸெடினுக்கு அனுமதி தந்தது. அதன் வழியில் செர்ட்ராலின் முதலானவை வந்தன. பழையவை போல வாய் அவ்வளவு காயாது, அளவு மீறினாலும் அவை போல எளிதில் ஆளைக் கொல்லாது. இரண்டு வருஷத்தின் பின் டொக்டர் என்னை செர்ட்ராலினுக்கு மாற்றினார். முதல் பத்து நாள் குமட்டல், கையில் நடுக்கம், இனம்புரியாத பதற்றம். அவை அடங்கிய பின்னர்தான் பலன் தெரிந்தது. இக்குளிசைகளின் விசித்திரம் அது: கெடுதி முதல் நாளே வரும், நன்மை மூன்று நான்கு கிழமை காக்க வைக்கும். பலர் இரண்டாவது கிழமையில் நிறுத்திவிடுவது இதனால்தான். கணவன் மனைவிக்கிடையிலான உறவில் ஆர்வம் குறைவது இவற்றின் மிகப் பொதுவான விளைவுகளில் ஒன்று. டொக்டர்மார் சொல்ல மறக்கிறார்கள், நம் பெண்கள் கேட்க வெட்கப்படுகிறார்கள், ஆண்கள் சொல்லாமலே குளிசையை நிறுத்துகிறார்கள். இளவயதினருக்கு ஆரம்ப நாட்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று 2004இல் அமெரிக்க மருந்து அதிகாரசபை பெட்டிக்குள் கறுப்பு எச்சரிக்கை போட வைத்தது. 2007இல் அதை 24 வயது வரை நீட்டியது. வீட்டில் பிள்ளைகளுக்கு இம்மருந்து தொடங்கினால் முதல் கிழமைகளில் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

பலன் எவ்வளவு என்பதிலும் சண்டை ஓயவில்லை. 2006இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முதல் மருந்திலேயே நோய் முழுதாக விலகியது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான். 2008இல் எரிக் டேர்னர் என்பவர், 12 மருந்துகளைப் பற்றி அமெரிக்க அதிகாரசபையிடம் பதிவான 74 ஆய்வுகளைத் தோண்டி எடுத்தார். அவற்றில் சுமார் பாதிதான் மருந்துக்குச் சாதகமானவை. ஆனால் சஞ்சிகைகளில் வெளிவந்தவற்றைப் பார்த்தால் நூற்றுக்கு 94 சாதகம் போலத் தெரிந்தது. தோற்ற ஆய்வுகளைக் கம்பனிகள் அலுமாரிக்குள் வைத்துவிட்டன. அதே வருஷம் ஏர்விங் கேர்ஷ், கடுமையான சோர்வு உள்ளவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வெற்றுக்குளிசையைவிட இவற்றால் பெரிய வித்தியாசமில்லை என்று வாதிட்டார். 2022இல் ஜோனா மொன்கிரீஃப் குழுவினர், செரட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்றார்கள். அந்தக் கட்டுரை வந்ததும் வட்ஸ்அப்பில் ‘குளிசை எல்லாம் பொய்’ என்று ஒரு குரல் சுற்றியது. காரணம் பற்றிய விளக்கம் பிழைப்பதும் மருந்து வேலை செய்யாததும் ஒன்றல்ல. காய்ச்சல் எப்படி வருகிறதென்று தெரியாத காலத்திலும் கொத்தமல்லித் தண்ணீர் குடித்துத்தான் இருந்தார்கள்.

நம் நாட்டுப் பகுதிக்கு வருகிறேன். பேராதனை மருத்துவ பீடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய பெயர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமையக் காரணமானவர். கம்பனி வைத்த பெயரில் அல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், தேவையானவற்றை மட்டும், மலிவாக வாங்க வேண்டும் என்றார். 1977இல் அவர் கயானாவில் காலமானார்; அதே வருஷம் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அமிட்ரிப்டிலின் அதில் இருந்தது. புளுவொக்ஸெடின் 2007இல் சேர்ந்தது. அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் ஒரு ஆசிரியைக்கும் ஒரு நாட்டாமைக்கும் ஒரே குளிசை, காசில்லாமல், மருந்தின் சொந்தப் பெயரில் கிடைப்பது எங்கோ ஒரு நல்ல மனிதர் சண்டை பிடித்ததால்தான். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்த நேர்ந்தபோது அந்தச் சண்டையின் பெறுமதி எங்களுக்கு விளங்கியது.

குளிசைக்குப் பதிலாக வேறென்ன? கோவாவில் விக்ரம் பட்டேலின் சங்காத் அமைப்பு, டொக்டர் அல்லாத சாதாரண ஆட்களைப் பயிற்றுவித்து, ஆறு முதல் எட்டுத் தடவை நோயாளியோடு உட்கார்ந்து பேச வைத்தது. கடுமையான சோர்வு உள்ளவர்களும் அதில் தேறினார்கள் என்று 2017 ‘லான்செட்’டில் வந்தது. சிம்பாப்வேயில் டிக்சன் சிபண்டா ஆஸ்பத்திரி வளவில் ஒரு வாங்கு போட்டு, அதில் வயதான பெண்களை உட்கார வைத்தார். அங்கே மனச்சோர்வுக்கு வழங்கும் ஷோனாச் சொல்லின் பொருள் ‘அதிகமாக யோசிப்பது’. நம் வீடுகளிலும் ‘கூட யோசிச்சி யோசிச்சித்தான் இப்படி’ என்றுதானே சொல்கிறோம்? இலேசான, நடுத்தரமான சோர்வுக்கு இவ்வகைப் பேச்சுச் சிகிச்சை குளிசைக்குச் சமமாக நிற்கிறது. ஆனால் திகனையில் தமிழில் அப்படிப் பேச ஒரு ஆள் எங்கே? கண்டிக்குப் போய், நாள் குறித்து, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ என் மனத்தை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை பள்ளிவாசல்களும் ஜமாஅத்துகளும் உள்ள சமூகம், 2018க்குப் பிறகு எத்தனையோ கட்டிடங்களைத் திருத்திய சமூகம், ஒரு வாங்கைப் போட யோசிக்கவில்லை. ஓதிப்பார்ப்பதைப் பற்றியும் கேட்பீர்கள். உம்மா ஓதி ஊதித் தந்த தண்ணீரை நான் குடித்தேன், குளிசையையும் அதே தண்ணீரோடு விழுங்கினேன். ‘குளிசைய நிப்பாட்டினால்தான் ஓதுறது பலிக்கும்’ என்று சொல்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள்.

இன்னுமொரு கேள்வி இருக்கிறது, அதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். வாழ்வே துக்கம் என்று சொல்லும் ஒரு பௌத்தனை மேற்கத்திய வைத்தியன் மனச்சோர்வு நோயாளி என்று எழுதிவிடலாம், ஆனால் அவன் தன் துக்கத்தைத் தன் மார்க்கத்தின் வழியே அர்த்தமாக்கிக்கொண்ட நல்ல பௌத்தனாக இருக்கலாமே என்று கேட்டார். அதே கேள்வியை எங்களுக்குத் திருப்பிப் பார்த்தேன். கடை எரிந்தவனின் துக்கம் நோயா? 2020 ஏப்ரல் வர்த்தமானிக்குப் பிறகு வாப்பாவின் ஜனாஸாவை எரிக்கக் கொடுத்துவிட்டு வந்த மகனின் துக்கம் நோயா? 2021 பெப்ரவரி வரை அது நடந்தது. அநியாயம் செய்தவன் வெளியில் நிற்க, அநியாயம் செய்யப்பட்டவன் கிளினிக்கில் வரிசையில் நிற்பது எனக்கு இன்றும் கசக்கிறது. குளிசை கடையைக் கட்டித் தராது, நட்டஈட்டையும் தராது. ஆனாலும் நான் அல்பல்கியின் பிரிப்புக்கே திரும்புகிறேன். காரணம் தெரிந்த கவலையாகத் தொடங்கியது, மாதங்கள் போனபின் காரணத்தை விட்டுவிட்டுத் தனியாக நடக்கத் தொடங்குகிறது. பிள்ளையின் சிரிப்பிலும் ஒன்றுமில்லாமல் போகிறது. அந்தக் கட்டத்தில் அது உடம்பில் இறங்கிவிட்டது. கட்டிலைவிட்டு எழும்ப முடியாதவரால் வழக்குக்கும் போக முடியாது. எங்கள் தெருவில் வாக்குமூலம் கொடுக்கப் போன இருவர், தூக்கக் குளிசையின் தயவில்தான் அன்று காலை எழும்பிப் போனார்கள்.

நம் வாசகர்கள் கேட்கக்கூடிய இரண்டு விஷயங்கள் மிச்சமிருக்கின்றன. புளுவொக்ஸெடின் பெரும்பாலும் கெப்சியூலாக வருகிறது, உறை ஜெலட்டின். 1995இல் குவைத்தில் கூடிய எட்டாவது பிக்ஹு மருத்துவ மாநாடு, தன்மை முற்றாக மாறிய ஜெலட்டின் சுத்தமானது என்று முடிவு சொன்னது. அதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். மனம் ஒப்பாதவர் செர்ட்ராலின் போன்ற உறையில்லாக் குளிசையைக் கேட்கலாம். சிகிச்சையையே விட வேண்டியதில்லை. ரமழானில் பெரும்பாலான இக்குளிசைகள் ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பதால் நோன்பு திறந்த பின்னரோ ஸஹரிலோ எடுக்கலாம். லிதியம் குடிப்பவர் மட்டும் டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் அது நஞ்சாகும்.

ராத்தா சொன்னதற்குப் பதில் இது. இக்குளிசைகளுக்குப் போதைப்பொருள் போல ஆசை ஏறுவதில்லை. ஆனால் திடீரென்று விட்டால் தலைச்சுற்று, மின்சாரம் அடித்ததுபோல மண்டைக்குள் ஒரு வெட்டு, அழுகை, கெட்ட கனவுகள் வரலாம். ஓரிரு கிழமையில் போய்விடும் என்று சொல்லிவந்த இங்கிலாந்தின் உளமருத்துவர் ரோயல் கல்லூரி, சிலருக்கு அது கடுமையாகவும் நீண்ட காலத்துக்கும் இருக்கலாம் என்று 2019இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே குறைப்பது மாதக்கணக்கில், படிப்படியாக. கடைசிப் படிகள்தான் கஷ்டம். எனக்கு டொக்டர் ஐம்பது மில்லிகிராமிலிருந்து இருபத்தைந்துக்கு மூன்று மாதம் எடுத்தார், அதிலிருந்து பாதிக்கு இன்னும் நான்கு மாதம். பாதியாக்குவதற்குப் பாமசியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வெட்டி விற்கிறார்கள். அந்தப் பழைய மாணவன்தான் எடுத்துத் தந்தான். அவனுடைய உம்மாவும் அதே மாதிரி ஒன்றைப் பாவிப்பதாகச் சொன்னான்.